ஊறி வந்த தண்ணீர்

அத்தியாயம் பதினொன்று

வேனை நிறுத்திய பிறகும் அக்கா உடனே இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் கை வைத்தபடி தம்பி வீட்டுக் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தக் கேட்டுக்குள் அவள் வெறுங்கையோடு வந்ததில்லை. பழம் வாங்கி வருவாள், இல்லாவிட்டால் தம்பி மனைவிக்குப் பிடித்த பூச்செடி ஒன்றைத் தொட்டியோடு தூக்கி வருவாள். இன்று கொண்டுவந்திருந்தது மண்ணைத் துளைக்கும் இரும்புத் தண்டும், கண்ணாடி ஜாடிகளும், ஐஸ் பெட்டியும்.

பின் சீட்டிலிருந்து பம்பரம் குதித்து இறங்கிவிட்டார். துளை போடுபவர். நின்ற இடத்தில் நிற்கத் தெரியாதவர் என்பதால் ஆபீஸில் அந்தப் பெயர். தூக்கத்தில்கூடக் கால் ஆடும் என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறார். தண்டுகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு, எந்தப் பக்கம் மேடம் என்று கேட்டார். பின்பக்கம் என்று அக்கா கை காட்டினாள். வேறு எந்த வீட்டிலும் வழி கேட்டுத்தான் உள்ளே போவார்கள். இந்த வீட்டில் எது எங்கே என்று அவளுக்குத் தெரியும்.

தெருமுனை வீட்டுக் குழாயில் தண்ணீர் மஞ்சளாக வந்ததிலிருந்தே இந்தத் தெரு நிம்மதியாக இல்லை. முனையில் பூட்டிக் கிடக்கும் கிடங்கு ஒரு காலத்தில் உலோகச் சாமான்களுக்குப் பளபளவென்று முலாம் பூசும் ஆலையாக இருந்தது. ஆலைக்காரர்கள் கழிவு நீரை எங்கும் கொண்டுபோகவில்லை. பின்னாலேயே ஒரு குழி வெட்டி அதில் விட்டார்கள். ஆலை மூடியது, குழி மூடியது, மேலே சிமெண்டு பூசியாகிவிட்டது. மண்ணுக்குள் போன குரோமியம் மட்டும் நிலத்தடி நீரோடு சேர்ந்து, ஒவ்வொரு வீடாகக் கீழ்ப்பக்கம் நகர்ந்து வந்திருக்கிறது. அது எதுவரை வந்திருக்கிறது என்று மண்ணையும் நீரையும் எடுத்துச் சோதித்துச் சொல்லும் வேலை அக்காவின் நிறுவனத்துக்கு வந்தது. இதுவரை மூன்று வீடுகள் பார்த்தாயிற்று. மூன்றிலும் கெட்ட சேதி. நான்காவது, தம்பி வீடு.

அங்கே தம்பி இருக்கிறான், வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று அவள் மேலதிகாரியிடம் சொல்லிப் பார்த்தாள். ஆள் இல்லை என்றார். பம்பரத்தைச் சாட்சியாக வைத்துக்கொண்டு விதிப்படி செய்துவிட்டு வா, லேப் முடிவு வரும்வரை தெருவில் யாரிடமும் வாயைத் திறக்காதே என்றும் சொன்னார்.

தம்பி அங்கே இருக்கிறான் என்பது மட்டும் விஷயமில்லை. அவனை அங்கே குடி வைத்ததே அவள்தான்.

தான் நடத்தும் கண்ணாடிக் கடை ஓரளவு நிமிர்ந்ததும் தம்பி வீடு பார்க்கத் தொடங்கினான். மண்ணும் நீரும் படித்த அக்கா ஒருத்தி இருக்கும்போது எனக்கென்ன கவலை என்று இந்த வீட்டுக்கு அவளைத்தான் அழைத்து வந்தான். அவளும் வந்தாள். கொல்லை மண்ணைக் கிள்ளி விரலில் உருட்டினாள். உறைக்கிணற்றில் ஒரு வாளி இறைத்து ஒரு வாய் குடித்தாள். நல்ல மண், நல்ல தண்ணி, கண்ண மூடிட்டு வாங்கு என்றாள். தெருமுனையில் நின்ற கிடங்கு முன்பு என்னவாக இருந்தது என்று கேட்கவில்லை. ஒரு பாட்டிலில் நீர் பிடித்துக்கொண்டு போய்ச் சோதிக்கவும் இல்லை. ஊரார் வீட்டுக்கு என்றால் கேட்டிருப்பாள். சோதித்திருப்பாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. சொந்தக்காரர் வீட்டு வேலை.

தம்பி கண்ணை மூடிக்கொண்டு வாங்கினான். திறந்து வைத்திருக்க வேண்டியது அவள் கண்.

*

கேட்டைத் தம்பியே வந்து திறந்தான். சிரித்தான்.

போன வாரம் தெருவில் பார்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவன். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அக்காவுக்கு மனசு லேசாயிற்று. காரணம் தெரிந்ததும் மறுபடி கனத்தது. வீட்டை விற்கப்போகிறானாம், மத்தியானம் அதைப் பார்க்க ஒருவர் வருகிறாராம். நர்ஸ். ஏற்கெனவே ஒரு முறை வந்து பார்த்து, சமையலறை ஜன்னலும் பின்பக்க நிழலும் பிடித்துப்போய், வயதான அம்மாவை அழைத்துக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"தண்ணி விஷயம் சொன்னியா?" என்று அக்கா கேட்டாள்.

"என்னன்னு சொல்றது? உனக்கே இன்னும் தெரியாதே" என்றான் தம்பி.

அது உண்மைதான்.

பின்பக்கம் அவனுடைய கொட்டகை. சுவரோரம் கண்ணாடித் தகடுகள் சாய்ந்து நின்றன. அதற்குப் பக்கத்தில் ஓர் இடத்தைக் குறித்துக் கொடுத்தாள். பம்பரம் தண்டை நட்டுத் திருகத் தொடங்கினார். அந்த ஒரு வேலையில் மட்டும் அவர் நின்ற இடத்திலேயே நிற்பார். தண்டு சுழன்று சுழன்று இறங்கும். நிரம்பியதும் மேலே தூக்கி, தரையில் விரித்த பிளாஸ்டிக் தாளில் மண்ணை உருளையாகத் தள்ளுவார்.

மேல் மண் பழுப்பு. அதன் கீழே களிமண். ஒவ்வொரு உருளையிலும் நடுப்பகுதியைக் கரண்டியால் எடுத்து ஜாடியில் அடைத்து, மூடியை இறுக்கி, எந்த ஆழம் என்று எழுதி ஐஸ் பெட்டியில் வைத்தாள் அக்கா. அடுத்த உருளைக்கு முன் கையுறையைக் கழற்றிப் போட்டுப் புதிது மாட்டிக்கொண்டாள். ஓர் ஆழத்து மண் இன்னொன்றைத் தொட்டுவிட்டால் சோதனையே வீண்.

தம்பி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். நீ படிச்சது சேத்துல விளையாடறதுக்காடி என்று அம்மா கேட்பாள், அது சரியாத்தான் போச்சு என்று கேலி பேசினான். பழைய தம்பி. அக்காவும் சிரித்தாள்.

அடுத்து வந்த களிமண் உருளையின் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று ஓடியது. பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம்.

பம்பரம் அவளைப் பார்த்தார். அவள் தம்பியைப் பார்க்கவில்லை.

"அந்தக் கோடு என்னது?" என்றான் தம்பி.

"லேப்ல பாத்தாத்தான் தெரியும்."

முந்தைய மூன்று வீடுகளிலும் இதே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு அடுத்த ஜாடியை எடுத்திருக்கிறாள். அதைக் கேட்டவர்கள் முகம் எப்படிப் போயிற்று என்று நின்று பார்த்ததில்லை. இன்று பார்க்க வேண்டியதாயிற்று.

தம்பி மனைவி காபி கொண்டுவந்தாள். கேன் தண்ணீரில் போட்டதுதான் அண்ணி, பயப்படாமல் குடிங்க என்றாள். போன வருடம் வயிற்றில் இருந்த குழந்தை தங்காமல் போனதிலிருந்து அவள் பேச்சு குறைந்துவிட்டது. டம்ளரை நீட்டிய விரல்களை அக்கா பார்த்தாள். நுனியெல்லாம் தோல் வெடித்து, சிவந்து கிடந்தது. என்ன இது என்று கேட்டதற்கு, சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று பதில் வந்தது. எத்தனையோ சோப்பு மாற்றிப் பார்த்தாயிற்றாம். வெறும் பாசிப்பயறு மாவால்கூடத் துலக்கிப் பார்த்தாளாம். போகவே இல்லையாம்.

துணி துவைப்பதும் பாத்திரம் துலக்குவதும் இன்னும் கிணற்றுத் தண்ணீரில்தானா என்று அக்கா கேட்டாள். ஆமாம், அதற்கெல்லாம் கேனா வாங்க முடியும் என்றாள் அவள். அக்கா காபியைக் குடித்து முடித்தாள். சர்க்கரை போட்டிருந்ததா என்றுகூட நாக்குக்குத் தெரியவில்லை.

*

அடுத்தது கிணறு.

கிணற்றில் நிற்கும் நீரை அப்படியே மொண்டு சோதிக்க முடியாது. நின்று கிடக்கும் நீரை மோட்டார் போட்டு வெளியேற்ற வேண்டும். பூமியிலிருந்து புதிதாக ஊறி வரும் நீர்தான் கணக்கு. அது வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள, குழாய் முனையில் ஒரு மீட்டரைப் பிடிப்பார்கள். நீரில் கரைந்திருக்கும் உப்பு, அதன் சூடு, புளிப்பு எல்லாம் மீட்டரில் எண்ணாக ஓடும். எண்கள் ஆடாமல் நின்றால் ஊற்று நீர் வந்துவிட்டது என்று பொருள். வெளியேறும் தண்ணீரும் மண்ணில் விழக்கூடாது என்று பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை வேனோடு இழுத்து வந்திருந்தார்கள்.

மோட்டார் ஓடியது. நீர் பளிங்குபோல் வந்தது.

பம்பரம் ஒரு சிறு குழாயில் கொஞ்சம் பிடித்து, சோதனைப் பொடியைக் கொட்டிக் குலுக்கினார். நஞ்சு இருந்தால் ஊதா நிறமாகும். ஆகவில்லை. வெயிலில் தூக்கிக் காட்டினார். தெளிந்த நீர்.

"இந்த வீடு தப்பிச்சுடுச்சு மேடம்."

தம்பி ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டான். அந்தக் குழாயை அவனே வாங்கிப் பார்த்தான், திருப்பித் திருப்பிப் பார்த்தான். சமையலறைப் பக்கம் திரும்பி, பாத்தியா, நான் சொல்லலையா என்றான். ஜன்னலில் தம்பி மனைவி நின்றிருந்தாள்.

பம்பரம் பாட்டிலின் மூடியைத் திறந்துவிட்டார். எடுத்துடலாமா மேடம் என்று கேட்டார்.

அக்கா மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உப்பு எண் மிகக் குறைவாக இருந்தது. இந்தத் தெருக் கிணறுகளின் நீர் அப்படி இருக்காது. மூன்று வீட்டில் பார்த்துவிட்டாள். தம்பி வீட்டு வாளியில் வெள்ளையாகப் படிந்திருக்கும் உப்பையும் அவளுக்குத் தெரியும். குனிந்து மோந்தாள். குளோரின் வாடை. நகரக் குழாயிலும் லாரித் தண்ணீரிலும் வரும் வாடை. கிணற்றில் அது வரவே வராது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் மெல்ல ஏறத் தொடங்கியது. ஏறிக்கொண்டே இருந்தது.

யாரோ கிணற்றுக்குள் லாரித் தண்ணீரை விட்டிருக்கிறார்கள். மேலே நிற்பது அது. கீழேயிருந்து பழைய ஊற்று இப்போதுதான் கலக்கிறது.

பம்பரம் பாட்டிலோடு காத்திருந்தார். இந்த நிமிடத்தில் சரி என்று தலையசைத்தால் போதும். லேபில் இந்த வீடு சுத்தம் என்று வரும். மத்தியானம் நர்ஸ் வந்து பார்த்துப் போவார். தம்பி வேறு தெருவில், வேறு வீட்டில், கைவிரல் ஆறிய மனைவியோடு இருப்பான். ஞாயிற்றுக்கிழமை செய்த தப்பு சரியாகிவிடும். அக்கா அப்படி நினைத்தாள். நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். பாட்டிலை வாங்கக் கைகூட லேசாக நீண்டது.

"மோட்டாரை நிறுத்தாதீங்க. இன்னும் ஓடட்டும்" என்றாள்.

தம்பிக்குப் புரியவில்லை. அதான் சுத்தமா இருக்கே, இன்னும் எதுக்கு என்றான். அவள் அவனைச் சமையலறை ஜன்னலை ஒட்டியிருந்த கொட்டகைப் பக்கம் அழைத்துப் போனாள். பம்பரத்தின் காதில் விழாத தூரம் வந்ததும் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"எப்ப ஊத்தினே?"

"என்ன ஊத்தினேன்?"

"இது கிணத்துத் தண்ணி இல்ல. லாரித் தண்ணி. மீட்டர்லயே தெரியுது."

தம்பி அவளையே பார்த்தான். "நான் ஊத்தல அக்கா."

"வேற யாரு ஊத்துவா? வீட்டை விக்கணும்கிற அவசரம் உனக்குத்தானே."

கேட்ட பிறகு அந்தக் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை. தம்பியின் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. சின்ன வயதில் விளையாட்டில் தோற்றால் அவன் இப்படித்தான், கோபப்படாமல் ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு நிற்பான்.

"அன்னிக்கு நீ சொன்னே, நான் நம்பினேன். ஒரு கேள்வி கேக்கல. இன்னிக்கு நான் சொல்றேன், நீ நம்ப மாட்டேங்கிறே. சரி."

அவன் ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டான். அதன் பிறகு கேலி எதுவும் பேசவில்லை. அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தாள். அங்கே இப்போது யாரும் இல்லை.

மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. தொட்டி பாதிக்கு மேல் நிறைந்தது. கிணற்றின் உறைகள் ஒவ்வொன்றாக வெளியே தெரிந்தன. குளோரின் வாடை போயிற்று. எண்கள் ஏறுவது மெல்லத் தளர்ந்து, ஓரிடத்தில் ஆடாமல் நின்றன. நீரில் லேசான மஞ்சள். சொன்னால்தான் தெரியும், ஆனால் சொல்லிவிட்டால் வேறெதுவும் தெரியாது, அப்படி ஒரு மஞ்சள்.

பம்பரம் பொடியைக் கொட்டினார். குலுக்கவே வேண்டியிருக்கவில்லை. ஊதா.

அவர் அந்தக் குழாயைத் தம்பிக்குத் தெரியாமல் மறைக்கப் பார்த்தார். தம்பி ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தான்.

அக்கா பாட்டில்களை ஒவ்வொன்றாக நிரப்பினாள். விளிம்புவரை நிரப்பி, காற்றுக் குமிழி இல்லாமல் மூடினாள். எத்தனையோ வருடமாகச் செய்யும் வேலை, கை தானாகச் செய்தது. மனசு மட்டும் அந்த ஞாயிற்றுக்கிழமையிலேயே நின்றது. ஒரு பாட்டில் போதும். அன்று இதில் ஒரே ஒரு பாட்டில் பிடித்துப் போயிருந்தால் போதும்.

*

சாமான்களைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே நர்ஸ் வந்துவிட்டார். சொன்ன நேரத்துக்கு முன்பே. அம்மாவுக்கு உட்காரவும் நிற்கவும் முடியாத மூட்டுவலி, ஆட்டோ கிடைத்ததும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன் என்று மன்னிப்பு கேட்டுக்கொண்டார். அம்மா வாசற்படியைக் கையால் தட்டிப் பார்த்து, உயரம் அதிகமில்லை, எனக்குச் சரிப்படும் என்று சந்தோஷப்பட்டார்.

தம்பி இருவருக்கும் வீட்டைச் சுற்றிக் காட்டினான். அக்காவின் காதில் எல்லாம் விழுந்தது. இந்த அலமாரிக் கண்ணாடி நானே போட்டது. இந்த ஜன்னலில் காலை வெயில் வரும். குரலில் உற்சாகம் இல்லை, ஆனால் நிறுத்தவும் அவனுக்கு வழி தெரியவில்லை. பேச்சு பின்கட்டுக்கு வந்தது. வேனும் தொட்டியும் ஐஸ் பெட்டியும் நர்ஸின் கண்ணில் பட்டன.

தெரு முழுக்கச் சோதிக்கிறார்கள், முடிவு இன்னும் வரவில்லை என்றான் தம்பி. அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

நர்ஸ் அக்காவிடம் திரும்பினார். "நீங்கதானே சோதிக்கறவங்க. நீங்களே சொல்லுங்க, தண்ணி எப்படி இருக்கு?"

தம்பி அக்காவைப் பார்த்தான். கெஞ்சவில்லை. வேண்டாம் என்று தலையசைக்கவும் இல்லை. சும்மா பார்த்தான்.

வாயைத் திறக்காதே என்று மேலதிகாரி சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. அதைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். விதி அவள் பக்கம்தான் இருந்தது. ஆனால் இதே இடத்தில், இதே கிணற்றோரம், முன்பு ஒருவன் இதே கேள்வியை அவளிடம்தான் கேட்டான்.

"முடிவு வர நாளாகும். அதுக்கு முன்னால நான் எதுவும் சொல்லக்கூடாது" என்றாள். கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா என் வீட்டு ஆளுங்களா இருந்தா, இந்தத் தண்ணிய வாயில வைக்க விடமாட்டேன்."

நர்ஸ் தலையசைத்தார். அவர் ஒன்றும் படபடக்கவில்லை. நோயாளிகளுக்கு இப்படிப்பட்ட செய்திகளைச் சொல்லிப் பழகியவர், கேட்டுக்கொள்ளவும் தெரிந்தவர். நன்றி சொன்னார். ஒரு பேச்சுக்காகக் கேட்டார்.

"உங்களுக்கும் இந்த வீட்டுக்காரங்களுக்கும் பழக்கமா?"

"நான் இவனோட அக்கா."

நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல வாசலுக்கு நடந்தார். அந்த அம்மா போகும்போதும் படியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

தம்பி கேட்வரை சென்று அவர்களை அனுப்பிவைத்தான். திரும்பி வந்தான். ஒரு கண்ணாடித் தகட்டை எடுத்து மேஜையில் கிடத்தி, அளவுகோலை வைத்து, கண்ணாடி வெட்டும் கருவியால் கீறினான். கீச்சென்ற அந்தச் சத்தம் பல்லைக் கூசவைத்தது. எந்த அளவுக்கு வெட்டுகிறோம் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

அக்கா பக்கத்தில் போய் நின்றாள்.

"தம்பி, மறைச்சு வித்திருந்தா உனக்கே ஒரு நாள்..."

"நான் மறைக்கல. நீ சொன்னதும் தப்பில்ல. அந்தம்மா குடிக்கிற தண்ணி. எனக்குத் தெரியும்." அவன் தகட்டை மேஜை விளிம்பில் வைத்து மெல்ல அழுத்தினான். கீறிய இடத்தில் உடையாமல் வேறெங்கோ விரிசல் ஓடியது. "நீ சொல்லித்தான் வாங்கினேன். நீ சொல்லித்தான் இப்ப விக்க முடியாமப் போச்சு. ரெண்டு தடவையும் நீ என் நல்லதுக்குத்தான் சொன்னே. போ அக்கா. உன் பாட்டிலெல்லாம் சூடாயிடப் போகுது."

அவன் திட்டியிருந்தால் அவளும் இரண்டு வார்த்தை பேசியிருப்பாள். திட்டவில்லை. அவள் வந்துவிட்டாள்.

*

மாலைக்குள் லேபில் சேர்க்க வேண்டும். பம்பரம் தொட்டியை வேனில் மாட்டுவதற்காகச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். அக்கா ஐஸ் பெட்டியை ஏற்றிப் பட்டை போட்டாள்.

தம்பி மனைவி வாசலைத் தாண்டி வேன்வரை வந்தாள். செருப்புகூடப் போட்டிருக்கவில்லை.

"அண்ணி, அவர் ஊத்தல. அவருக்குத் தெரியவே தெரியாது."

அக்கா திரும்பினாள்.

"நான்தான். எதிர் வீட்டுக்குத் தண்ணி லாரி வந்தப்ப அவர் கடையில இருந்தாரு. அவங்க தொட்டி நிறைஞ்சதும், மிச்சத்தை எங்க கிணத்துல விடுங்கன்னு சொன்னேன். ஜன்னல்ல நின்னு நீங்க அவரைக் கேட்டதைக் கேட்டேன். அப்பவே வந்து சொல்லியிருக்கணும். கால் வரல."

வேற யாரு ஊத்துவா என்று தான் கேட்டதும், சரி என்று அவன் ஒரே சொல்லில் முடித்துக்கொண்டதும் திரும்பத் திரும்ப அக்காவின் காதில் ஒலித்தன. கொட்டகையில் கண்ணாடிச் சத்தம் நின்றிருந்தது. இப்போதே போய் அவனிடம் தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று சொல்ல வேண்டும். ஆனால் சொன்னால், அப்படியானால் யார் ஊற்றியது என்று அவன் கேட்பான்.

அப்படிச் செய்துவிட்டு அந்த நர்ஸுக்கும் அவர் அம்மாவுக்கும் இந்தத் தண்ணீரையா கொடுக்க நினைத்தாய் என்று அக்கா கேட்டாள். குரலில் கடுமை இல்லை. கடுமையாகக் கேட்கும் தகுதி தனக்கு இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

வாங்க வருபவர்களைப் பற்றி நினைக்கவே இல்லை என்று தம்பி மனைவி ஒப்புக்கொண்டாள். இன்று அந்த அம்மா படியைத் தட்டியபோதுதான் அவர்களுக்கும் முகம் உண்டு என்று உறைத்ததாம். எப்படியாவது இங்கிருந்து போய்விட வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்ததாம்.

"அவ்வளவு என்ன அவசரம்?"

வெடித்த விரல்களை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். பம்பரம் வண்டியின் மறுபக்கம் போகும்வரை காத்திருந்தாள்.

"மறுபடி தங்கியிருக்கு அண்ணி. இன்னும் அவர்கிட்ட சொல்லல. போன தடவை அவர் பட்டது போதும். கொஞ்சம் நிலைச்சப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

அக்கா அவள் தோளைத் தொட்டாள். சந்தோஷப்பட வேண்டிய செய்தி. சந்தோஷம் வருவதற்கு முன்னால் அந்த ஊதா நிறம் வந்து நின்றது.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. தெருவுல மஞ்சளா வர்றதுக்கு முன்னால நாங்க எல்லாரும் இதைத்தான் குடிச்சோம். போன வருஷமும் இதைத்தான் குடிச்சேன். அது போனது இதனாலயா?"

"தெரியல" என்றாள் அக்கா. அது மழுப்பல் இல்லை. யாராலும் சொல்ல முடியாத விஷயம் அது. எந்த லேபாலும் முடியாது. போன வருடம் இந்தக் கிணற்றில் என்ன இருந்தது என்று காட்ட இன்று ஒரு சொட்டும் மிச்சமில்லை. "சத்தியமா தெரியல. ஆனா இனிமே ஒரு பாத்திரம்கூட இந்தத் தண்ணியில கழுவாதே. குளிக்காதே. நாளைக்குக் காலையில நான் வந்து உன்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். கிணத்துல என்ன இருக்குன்னு டாக்டர்கிட்ட நானே சொல்றேன். நீ இன்னிக்கே அவன்கிட்ட சொல்லிடு."

"இன்னிக்கு வேண்டாம் அண்ணி. இன்னிக்கு மட்டும் வேண்டாம். அவர் மூஞ்சியப் பாத்தீங்கல்ல."

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. தம்பி வந்துகொண்டிருந்தான். விரலில் ரத்தம் கசிய, கைக்குட்டையைச் சுற்றிப் பிடித்திருந்தான். உடைந்த தகடு கிழித்திருக்க வேண்டும். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் மனைவியைப் பார்த்தான்.

"ரெண்டு பேரும் என்ன பேசிட்டிருக்கீங்க?"

தம்பி மனைவி அக்காவைப் பார்த்தாள்.

அக்கா வாயைத் திறந்தாள். நீ ஊத்தலைன்னு எனக்கு இப்பத் தெரியும், மன்னிச்சிடு. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். ஆனால் அதற்கு அடுத்த கேள்வியும், அதற்கும் அடுத்த கேள்வியும் வரிசையாக வந்து, இவள் வயிற்றில்தான் போய் முடியும். பம்பரம் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். நேரமாச்சு மேடம் என்றார்.

"ஒண்ணுமில்லப்பா. கிளம்பறேன்" என்றாள் அக்கா.

தம்பி தலையை ஆட்டிக்கொண்டான். அவளிடமிருந்து அவன் வேறெதையோ எதிர்பார்த்து வாசல்வரை வந்திருக்கிறான் என்பது, வேனைக் கிளப்பி அவனைக் கடந்த பிறகுதான் அவளுக்குப் பட்டது. வேன் கண்ணாடியில் பார்த்தாள். அவன் கேட்டைச் சாத்தாமல், கைக்குட்டையை இறுக்கிப் பிடித்தபடி, வேன் போகும் திசையிலேயே நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் அவன் மனைவி, இன்னும் விரல்களை முந்தானைக்குள் சுருட்டியபடி நின்றாள்.